பத்மாவுக்குத் தெற்கே

டாக்காவின் சாயதாபாத் பேருந்து நிலையத்திலிருந்து குல்னாவுக்கு இப்போது நான்கு மணி நேரம், நெரிசல் இருந்தால் ஐந்து. 2022 ஜூனில் பத்மா பாலம் திறப்பதற்கு முன்னால் இந்த வழியாகப் போனவர்களால் இப்படிக் கணக்குச் சொல்ல முடிந்ததில்லை. மாவா படகுத்துறையில் லாரிகள் மைல் கணக்கில் நிற்கும். மூடுபனி இறங்கினால் விடியும்வரை படகு கிடையாது, பத்மா பெருகினாலும் கிடையாது. தென்மேற்கின் 21 மாவட்டங்களுக்கும் தலைநகருக்கும் நடுவே அந்த ஆறுதான் எல்லாவற்றையும் தீர்மானித்துவந்தது: காய்கறி விலை, மீன் விலை, டாக்கா மருத்துவமனைக்கு அனுப்பப்பட்ட நோயாளியின் ஆயுள் எல்லாமே அதன் கையில் இருந்தன.

பங்குனி வெயிலில் பேருந்து பாலத்தில் ஏறியதும் உள்ளே பேச்சு அடங்கியது. ஜன்னலோரத்தில் இருந்தவர்கள் கைபேசியைத் தூக்கினார்கள். பாலத்தின் நீளம் 6.15 கிலோமீட்டர். கீழே பழுப்புத் தண்ணீர், நடுநடுவே வெளுத்த மணல்திட்டு, அதற்குள் ஒரு குடிசை, நான்கு மாடுகள். கீழ்த்தளத்தில் ரயில் ஓடுகிறது. வெள்ளக் காலத்தில் ஆறு தன் அடிமண்ணையே அரித்துக்கொண்டு போகும் என்பதால் இரும்புக் குழாய்களை ஏறத்தாழ 120 மீட்டர் ஆழம்வரை அடித்து இறக்கி அவற்றின்மேல் தூண்களை நிறுத்தியிருக்கிறார்கள்.

"எங்க காசு, பாய்" என்றார் பக்கத்து இருக்கைக்காரர். குல்னாவில் மருந்துக்கடை வைத்திருப்பவர். அந்த இரண்டு சொல்லுக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. இந்தப் பாலத்துக்கு 120 கோடி டாலர் கடன் தருவதாக 2011இல் உலக வங்கி ஒப்பந்தம் போட்டது. ஊழல் சதி நடந்திருக்கிறது என்று சொல்லி 2012 ஜூனில் ரத்து செய்தது. ஆசிய வளர்ச்சி வங்கியும் ஜப்பானும் பின்வாங்கின. மேற்பார்வை ஒப்பந்தத்துக்கு முயன்ற கனடா நிறுவனத்தின் அதிகாரிகள்மீது அங்கே வழக்கு நடந்தது. 2017 பிப்ரவரியில் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. அதற்குள் வங்கதேசம் சொந்த வரவு செலவுத் திட்டத்திலிருந்தே வேலையைத் தொடங்கிவிட்டிருந்தது. செலவு 30,000 கோடி டாகாவுக்கு மேல் போனது. பாலம் கட்டிய அரசை அதன் மக்களே 2024 ஆகஸ்டில் வெளியேற்றினார்கள். அந்தக் காலத்துப் பெரிய திட்டங்களின் கணக்குகளை இன்று பலரும் கேட்கிறார்கள், கேட்கத்தான் வேண்டும். ஆனால் தெற்கு வங்கத்துக்கு முதலில் வேண்டியது இந்தப் பாலம் என்ற முடிவில் யாரும் குறை சொல்லி நான் கேட்கவில்லை.

மருந்துக்கடைக்காரர் தன் தொழிலைப் பற்றியும் சொன்னார். அவர் கடையில் இருப்பவை அநேகமாக எல்லாமே உள்நாட்டு மருந்துகள். 1982இல் ஜாஃபருல்லா சௌதுரி போன்ற மருத்துவர்களின் முயற்சியால் தேசிய மருந்துக் கொள்கை வந்தது. பயனற்றவை, கேடானவை என்று 1,700க்கும் மேற்பட்ட மருந்துகளைச் சந்தையிலிருந்து விலக்கினார்கள். பன்னாட்டு நிறுவனங்களும் அவற்றின் அரசுகளும் கடுமையாக எதிர்த்தன. அன்று வெளியார் உதவியை நம்பியே வாழ்ந்த நாடு அது. இருந்தும் வளைந்து கொடுக்கவில்லை. இன்று தன் மருந்துத் தேவையில் நூற்றுக்கு 97 பங்கைத் தானே தயாரிக்கிறது. மிகவும் பின்தங்கிய நாடு என்ற பட்டியலில் இருப்பதால் காப்புரிமை விதிகளிலிருந்து விலக்கும் இருக்கிறது. பட்டியலிலிருந்து வெளியேறினால் அந்த விலக்கு போய்விடும், புதிய மருந்துகளின் விலை என்னாகும் என்பது அவர் கவலை. உலக வணிக விதி ஒன்று குல்னாவின் ஒரு தெருமுனைக் கடையின் கல்லாவரை வந்து நிற்பதை அவர் வாயிலாகத்தான் புரிந்துகொண்டேன்.

குல்னாவில் எனக்கு மொழிபெயர்ப்பாளராக வந்த தம்பி அங்குள்ள பல்கலைக்கழக மாணவர். மறுநாள் காலை ஜஷோர் சாலையில் வடக்கே கிளம்பினோம். ஊர் எல்லையில் காலிஷ்பூர். சாலையோரம் நெடுகச் சணல் ஆலைகளின் மதில்கள், துருப்பிடித்த கதவுகள், மூடிய தேநீர்க் கடைகள். அரசு நடத்திய சணல் ஆலைகள் அத்தனையையும் 2020 ஜூலையில் மூடிவிட்டார்கள். இதற்கு அடித்தளம் பல ஆண்டுகளுக்கு முன்பே போடப்பட்டது. 1994இல் உலக வங்கி சணல் துறையைச் சீரமைக்க என்று கொடுத்த கடனுக்கு, ஆலைகளை மூடுவதும் ஆட்களைக் குறைப்பதும் தனியாருக்கு விற்பதும் நிபந்தனை. 2002இல் மெல்லிய பிளாஸ்டிக் பைகளை முதன்முதலில் தடைசெய்த நாடு வங்கதேசம். உலகிலேயே பெரியது என்று பெயர்பெற்ற ஆதம்ஜி சணல் ஆலை மூடப்பட்டதும் அதே 2002இல்தான். மண்ணில் மட்கிப்போகும் நாரை விளைவிக்கிற நாட்டில், பிளாஸ்டிக்குக்கு மாற்றை உலகமே தேடத் தொடங்கிய நேரத்தில், அந்த நாரை நூற்கும் ஆலைகளுக்குப் பூட்டு விழுந்தது. நீடித்த வளர்ச்சி என்று பேசுகிற எந்த நிறுவனமும் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்று நினைக்கிறேன்.

சணலோடு இன்னொரு பழைய காயமும் இருக்கிறது. 1974இல் வங்கதேசம் கியூபாவுக்குச் சணல் பைகள் விற்றது. கியூபாவோடு வணிகம் செய்யும் நாட்டுக்கு உணவு உதவி கிடையாது என்று அமெரிக்கா தானியக் கப்பல்களை நிறுத்தியது. வெள்ளமும் விலையேற்றமும் சேர்ந்து பஞ்சம் முற்றிய ஆண்டு அது. கப்பல்கள் வந்து சேர்ந்தபோது லட்சக்கணக்கானவர்கள் செத்துப்போயிருந்தார்கள். அந்த ஆண்டை நேரில் கண்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உதவி என்ற சொல்லை இந்த நாடு எச்சரிக்கையோடு உச்சரிப்பதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை.

நவாபாரா தாண்டி உள்ளே போனால் பபதஹா. 21 கண் வைத்த மதகு ஒன்று இருக்கிறது, 1960களில் கட்டியது. அதன் முன்னால் நின்று பார்த்தேன். ஆறு இருக்க வேண்டிய இடத்தில் சேறு. சில கண்கள் பாதிவரை மண்ணுக்குள் புதைந்திருந்தன. மதகுக்கு அந்தப் பக்கம், பங்குனி மாதத்தில், வயல்களில் தண்ணீர் நின்றது. மழை பெய்து மாதங்கள் ஆகியிருந்தன. ஒரு வீட்டு முற்றத்தில் மண்ணைக் கொட்டி உயர்த்தி, அதன்மேல் அடுப்பும் மாடும். பக்கத்தில் அடிகுழாய். அதன் வாயில் சிவப்புச் சாயம் மங்கிக் கிடந்தது. முழங்கால்வரை தண்ணீர் சூழ்ந்த வீட்டில் குடிக்கத் தண்ணீர் இல்லை.

இரண்டு தனித்தனிக் கதைகள் அந்த முற்றத்தில் சந்திக்கின்றன. அடிகுழாயின் கதை முதலில். 1970களில் குழந்தைகள் குளத்து நீரைக் குடித்துக் காலராவிலும் வயிற்றுப்போக்கிலும் செத்துக்கொண்டிருந்தார்கள். யுனிசெஃபும் அரசும் ஊர் ஊராக அடிகுழாய் போட்டன. மக்களும் அதைப் பார்த்துத் தாங்களே லட்சக்கணக்கில் போட்டுக்கொண்டார்கள். நல்ல எண்ணத்தில் குறையில்லை, பலனும் இருந்தது. ஆனால் மண்ணுக்குள் ஆர்செனிக் இருக்கிறதா என்று யாரும் சோதிக்கவில்லை. மேற்கு வங்கத்தில் கே. சி. சாஹா என்ற தோல் மருத்துவர் 1983இலேயே நோயாளிகளின் உள்ளங்கைப் புள்ளிகளைப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டார். எல்லைக்கு இந்தப் பக்கம் அது உறுதியானது 1993இல். உலக வரலாற்றில் ஒரு மக்கள்திரளுக்கு நேர்ந்த மிகப்பெரிய நச்சுப் பாதிப்பு என்று உலக சுகாதார நிறுவனத்தின் இதழ் 2000இல் எழுதியது. பிறகு ஏறத்தாழ 50 லட்சம் குழாய்களைச் சோதித்து, குடிக்கலாம் என்றால் பச்சை, கூடாது என்றால் சிவப்பு அடித்தார்கள். சாயம் மழையில் கரைந்துவிட்டது. மறுசாயத்துக்குத் திட்டத்தில் பணமில்லை. திட்டங்கள் முடிந்துவிடும், தாகம் முடியாது என்பதைத் திட்டம் போடுகிறவர்கள் நினைவில் வைப்பதில்லை.

மதகின் கதை இன்னும் நீளம். பழைய காலத்தில் இந்தப் பகுதியில் எட்டு மாதக் கரை என்று ஒன்று இருந்தது. ஜமீன்தார்களும் குடியானவர்களும் சேர்ந்து மண்கரை போட்டு, மரக்கதவு வைத்து, உப்புத் தண்ணீரைத் தடுத்து நெல் விளைவிப்பார்கள். அறுவடை முடிந்ததும் கரையைத் திறந்துவிடுவார்கள். கங்கையும் பிரம்மபுத்திராவும் மேக்னாவும் ஆண்டுக்கு 100 கோடி டன் வண்டலைச் சுமந்துவருகின்றன. ஏற்றநீர் அதில் ஒரு பங்கை வயலில் விட்டுப்போகும். நிலம் உயரும். 1954, 55, 56 மூன்று ஆண்டும் வெள்ளம் வந்தபின் ஐ.நா. குழு வந்தது, அமெரிக்கப் பொறியாளர்கள் வந்தார்கள். டச்சுக்காரர்களின் முறையில் ஆற்றோரமெல்லாம் நிரந்தரக் கரை எழுந்தது. கரை சூழ்ந்த அந்தத் தீவுகளை டச்சுப் பெயரிலேயே போல்டர் என்கிறார்கள். இன்று கடலோரத்தில் 139 போல்டர்கள். முதல் பத்து, பதினைந்து ஆண்டுகள் நெல் கொட்டியது. பிறகு வயலுக்கு வர முடியாத வண்டல் ஆற்றுக்குள்ளேயே படிந்தது. ஆறு மேடாகி நிலம் பள்ளமானது. மழைநீர் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தேங்கியது.

பில் டகாத்தியா என்ற தாழ்நிலத்தில் மக்கள் 1990இல் தாங்களே கரையை வெட்டினார்கள். அரசு அதைக் குற்றம் என்றது. 1997 அக்டோபரில் பில் பைனாவில் மறுபடி வெட்டினார்கள். ஏற்றநீர் ஒரு நாளுக்கு இரண்டு முறை உள்ளே வந்தது, வண்டலை இறக்கிவிட்டு வேகமாகத் திரும்பியது. திரும்பும் வேகத்தில் ஆற்றின் சேற்றையும் வாரிக்கொண்டு போனது. தூர்ந்து கிடந்த ஹரி ஆறு பத்து மீட்டர் ஆழத்துக்கு மேல் இறங்கியது. 600 ஹெக்டேர் தாழ்நிலம் மேடானது. அப்போது அந்தப் பகுதியில் ஆசிய வளர்ச்சி வங்கியின் கடனில் கான்கிரீட் மதகுகளோடு ஒரு பெரிய வடிகால் திட்டம் நடந்துகொண்டிருந்தது. மக்கள் வெட்டிய கரை செய்த வேலையை அளந்துபார்த்த பொறியாளர்கள், அதையே திட்டத்தின் வழியாக ஏற்றுக்கொண்டார்கள். ஏற்றநீர் ஆற்று மேலாண்மை என்று அதற்கு இப்போது பெயர். எட்டு மாதக் கரையின் பேரன்தான்.

பபதஹாவில் ஒரு பெரியவர் மதகைக் காட்டிச் சொன்னார்: "எங்கள் அப்பாவிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். யாரும் கேட்கவில்லை." கசப்பில்லாமல், விவரம் சொல்வதுபோலச் சொன்னார். இருந்தாலும் இந்த வழி சுலபமானதென்று நான் எழுதிவிடக் கூடாது. ஒரு தாழ்நிலத்தைத் திறந்துவிட்டால் நான்கைந்து ஆண்டுகள் அங்கே பயிர் கிடையாது. நிலம் கொடுத்தவருக்கு இழப்பீடு தர வேண்டும். அந்தப் பணம் ஆவணச் சிக்கலில் மாட்டி வந்துசேராத இடங்களில், அடுத்த தாழ்நிலத்துக்காரர்கள் கரையைத் திறக்க விடவில்லை, அடிதடி வரை போயிருக்கிறது. கான்கிரீட்டுக்குக் கோடிக்கணக்கில் கடன் கிடைக்கிறது. நிலம் திறந்துவிட்ட ஏழைக்குக் கொடுக்க வேண்டிய இழப்பீடு கடன் கொடுக்கும் எவருடைய பட்டியலிலும் முதல் வரியாக இல்லை. தென்மேற்கு வங்கத்தின் தேவையை ஒரே வரியில் கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

அன்று இரவு சுக்நகரில் சாப்பிட்டோம். சுய் ஜால் என்று மிளகுக் கொடி இனத்துத் தண்டைத் துண்டு துண்டாக வெட்டி ஆட்டுக்கறியில் போட்டு வேகவைக்கிறார்கள். நார் நாராக மெல்ல வேண்டும். காரம் நாக்கில் உடனே ஏறாமல் மெதுவாகத் தொண்டையில் இறங்குகிறது. குல்னா வட்டாரத்துக்கே உரிய ருசி.

தெற்கே போகப் போக மரங்கள் குறைந்தன. மின்கலத்தில் ஓடும் வேன் வண்டி, பிறகு ஆற்றைக் கடக்கக் கேயாப் படகு, பிறகு கரைமேல் நடை. பைக்காச்சா வட்டாரத்தின் தெலூத்தி என்ற பகுதி, 22ஆம் எண் போல்டர். கரைமேல் நின்றால் இரண்டு உலகங்களையும் ஒரே பார்வையில் பார்க்கலாம். உள்ளே தர்ப்பூசணிக் கொடிகள் தரையோடு படர்ந்திருக்கின்றன, காய்கள் வைக்கோலின்மேல் உட்கார்ந்திருக்கின்றன, வாழை, தென்னை, ஆடு மேய்க்கும் சிறுவர்கள். ஆற்றின் எதிர்ப்பக்கம், 23ஆம் போல்டரில், கண்ணுக்கு எட்டியவரை சாம்பல் நிறத் தண்ணீர். இறால் பண்ணைகள். அங்கே மேய்ச்சல் இல்லை, நிழல் இல்லை.

1980களில் இறால் ஏற்றுமதி அந்நியச் செலாவணிக்கு வழி என்று உலக வங்கி உள்ளிட்டவர்கள் கடன் கொடுத்து ஊக்குவித்தார்கள். நெல்லுக்காகக் கட்டிய கரையைத் துளைத்து, குழாய் போட்டு, உப்பு நீரை உள்ளே விட்டார்கள் பண்ணைக்காரர்கள். பணம் டாக்காவிலும் குல்னாவிலும் இருந்தவர்களுக்குப் போனது. நிலமற்ற கூலிகளுக்கு நாற்று நடவும் இல்லை, அறுப்பும் இல்லை. 22ஆம் போல்டரின் நிலமற்றவர்கள் உள்ளே விட மாட்டோம் என்று நின்றார்கள். 1990 நவம்பர் 7 அன்று ஹரின்கோலாவில் ஊர்வலத்தின் முன்னால் நடந்த கருணாமயி சர்தாரை இறால் முதலாளியின் ஆட்கள் கொன்றார்கள். அதன்பிறகும் மக்கள் பின்வாங்கவில்லை. இன்றுவரை அந்தப் போல்டரில் இறால் பண்ணை இல்லை. அவருக்கு எழுப்பிய நினைவிடத்தில் ஒவ்வொரு நவம்பர் 7 அன்றும் ஆயிரக்கணக்கில் கூடுகிறார்கள்.

நாகப்பட்டினத்துக்காரர்களுக்கு இது அயலூர்க் கதையாக இருக்காது. அதே ஆண்டுகளில் வேதாரண்யம், சீர்காழிக் கரைகளில் இறால் பண்ணைகளுக்கு எதிராகக் காந்தியவாதிகளான ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும் கிராமத்துப் பெண்களைத் திரட்டி நின்றார்கள். ஜெகந்நாதன் போட்ட வழக்கில் 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் கடலோரப் பண்ணைகளை அகற்றச் சொன்னது. பின்னால் வந்த சட்டம் அந்தத் தீர்ப்பின் வலுவைக் குறைத்துவிட்டது. தெலூத்தியில் தீர்ப்பு எதுவும் இல்லை. மக்களே காவல் காக்கிறார்கள்.

கரையில் தர்ப்பூசணிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த ஒரு பெண்மணியிடம், கடல் மட்டம் உயர்ந்து உப்பு வருகிறதா என்று கேட்டேன். ஆற்றைக் கைகாட்டினார். "கடல் வந்தது எனக்குத் தெரியாது. அந்தப் பக்கம் குழாய் போட்டது தெரியும்." கடல் உயர்வது உண்மை, அதை அளந்திருக்கிறார்கள். ஆனால் குழாய் போட்டவர்களையும் சேர்த்து மன்னிக்கிற சொல்லாகக் காலநிலை மாற்றம் ஆகிவிடக் கூடாது. உப்பு இயற்கையாக வந்தது, இனி இங்கே இறால்தான் பிழைப்பு என்று திட்ட அறிக்கை எழுதுகிறவர்கள், ஒரு முறை இந்தக் கரையில் ஏறி இரண்டு பக்கமும் பார்த்தால் போதும்.

டாகோப் வட்டாரத்தில் குடிநீர்தான் எல்லாப் பேச்சுக்கும் முதல் பேச்சு. ஒவ்வொரு வீட்டிலும் கூரையிலிருந்து குழாய் இறங்கிக் கருப்பு பிளாஸ்டிக் தொட்டியில் சேர்கிறது. ஆனி, ஆடி மழையைப் பங்குனி வரை வைத்துக் குடிக்கிறார்கள். தொட்டி வாங்க முடியாதவர்கள் குளத்துக்கு நடக்கிறார்கள், குடத்தோடு, பெண்கள்தான். இங்குள்ள கர்ப்பிணிகளிடம் நடந்த ஆய்வு, உப்பேறிய குடிநீருக்கும் அவர்களுடைய இரத்த அழுத்தத்துக்கும் உள்ள தொடர்பைக் காட்டியிருக்கிறது. ஒரு வீட்டில் பாட்டி ஒருவர் தன் கையை எனக்கு முன்னால் நீட்டி, வயிற்றுப்போக்குக்கான மருந்தைக் காட்டினார்: மூன்று விரலால் ஒரு சிட்டிகை உப்பு, ஒரு பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர். 1980களில் பிராக் தொண்டு நிறுவனத்தின் பெண் ஊழியர்கள் வீடு வீடாக வந்து கற்றுக்கொடுத்தது. பத்தே ஆண்டில் ஒரு கோடிக்கு மேற்பட்ட வீடுகளுக்குப் போனார்கள். தாய்மார்கள் எவ்வளவு நினைவில் வைத்திருக்கிறார்கள் என்று பிறகு சோதித்து, அதற்குத் தக்கபடிதான் ஊழியருக்குச் சம்பளம். டாக்காவின் காலரா ஆய்வுக்கூடம் கண்ட மருந்து. 1971இல் பங்காவ் அகதி முகாமில் திலீப் மஹலனாபிஸ் ஆயிரக்கணக்கானவர்களைக் காப்பாற்றிக் காட்டிய மருந்து. வெளிநாட்டுப் பணம் அதிலும் இருந்தது. ஆனால் எதைக் கற்றுக்கொடுப்பது, எப்படிக் கற்றுக்கொடுப்பது என்பதை அந்த ஊர்களில் சுற்றியவர்களே முடிவு செய்தார்கள். பாட்டி ஒன்று சேர்த்துச் சொன்னார்: "இப்ப சிட்டிகையைக் குறைக்கணும். தண்ணியிலேயே உப்பு."

அவருடைய மருமகள் புயல் எச்சரிக்கைத் தொண்டர். கட்டிலுக்கு அடியிலிருந்து மெகாபோனையும் கையால் சுற்றும் சைரனையும் எடுத்துக் காட்டினார். எச்சரிக்கை ஏறினால் ஒரு கொடி, அபாயத்துக்கு இரண்டு, பேரபாயத்துக்கு மூன்று. 1970 புயலில் செத்தவர்கள் குறைந்தது மூன்று லட்சம். 1991இல் 1,38,000. 2007 சிதர் புயலில் சுமார் 3,400. 2020 ஆம்பான் வந்தபோது 20 லட்சத்துக்கும் அதிகமானவர்களை முன்கூட்டியே வெளியேற்றினார்கள், கொரோனா ஊரடங்குக்கு நடுவில். இறந்தவர்கள் சில பத்துப் பேர்தான். செஞ்சிலுவைச் சங்கம் 1972இல் தொடங்கிவைத்து, அடுத்த ஆண்டே அரசும் சேர்ந்து நடத்தத் தொடங்கிய இந்தத் தொண்டர் படையில் இப்போது 76,000 பேருக்கு மேல். பாதிப் பேர் பெண்கள். "முன்பெல்லாம் வீட்டுக்காரர் வரட்டும் என்று பெண்கள் உள்ளேயே இருந்துவிடுவார்கள். பெண் போய்க் கூப்பிட்டால் வருகிறார்கள்" என்றார் அவர். வெளியுதவி இந்த நாட்டில் உருப்படியாகச் செய்தது என்ன என்று கேட்பவருக்கு அந்தக் கட்டிலடியைக் காட்டுவேன்.

மோங்லாவிலிருந்து பஷூர் ஆற்றில் இறங்கினால் ராம்பால் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி தெரிகிறது. 1,320 மெகாவாட். இந்திய எக்ஸிம் வங்கியின் கடனில், நம் என்டிபிசியும் வங்கதேச மின் வாரியமும் பாதிப்பாதிப் பங்கு போட்டுக் கட்டியது. சுந்தரவனம் அங்கிருந்து 14 கிலோமீட்டர். புயலின் வேகத்தை உடைக்கிற காடு அது, அதனால்தான் டாக்காவில் மாணவர்களும் அறிஞர்களும் ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். யுனெஸ்கோ வேறிடம் பார்க்கச் சொன்னது. இதே நாடுதான் 2003 முதல் 15 ஆண்டுகளில் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்குச் சூரிய மின்தகடு கொண்டுபோனது. ஓர் இந்தியனாக அந்தப் புகைபோக்கியைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருந்தது. நம் உதவியும் நம் வசதியை முன்னால் வைத்துத்தான் போயிருக்கிறது.

ஐ.நா. பொதுச்சபை 2021இல் எடுத்த முடிவுப்படி, 1975 முதல் பின்தங்கிய நாடுகளின் பட்டியலில் இருந்துவரும் வங்கதேசம் அதிலிருந்து வெளியேறும் நாள் 2026 நவம்பர் 24. ஆடை ஏற்றுமதியில் திருப்பூர் பொறாமையோடு பார்த்துவந்த வரிச்சலுகைகள் அதன்பின் படிப்படியாகக் குறையும். காலநிலைத் தகவமைப்புக்கு 2050 வரை 23,000 கோடி டாலர் தேவை என்று அந்த நாட்டின் தேசியத் திட்டம் கணக்கிட்டிருக்கிறது. உலகத்தின் கரியுமிழ்வில் நூற்றில் ஒரு பங்குகூட அந்த நாட்டினுடையதல்ல. இழப்பு, சேதத்துக்கு ஒரு நிதியம் வேண்டும் என்று ஆண்டுதோறும் காலநிலை மாநாடுகளில் குரல்கொடுத்த சலீமுல் ஹக், 2022இல் அது ஏற்கப்பட்டதைப் பார்த்துவிட்டு மறு ஆண்டு காலமானார். பணம் கடனாக வரப்போகிறதா, மானியமாகவா, எந்த வேலைக்கு என்று யார் சொல்வது என்ற கேள்விகள் அவருக்குப் பின்னும் தீரவில்லை.

இதில் நமக்கும் நேரடியான பங்கு ஒன்று இருக்கிறது. குல்னாவின் உப்புக்கு இறாலும் கடலும் மட்டும் காரணமில்லை. கங்கையிலிருந்து கொராய் என்ற கிளையாறு குல்னாப் பக்கம் நன்னீரைக் கொண்டுவந்து உப்பைத் தள்ளிவைத்திருந்தது. கொல்கத்தாத் துறைமுகத்தின் சேற்றைக் கழுவ 1975இல் இந்தியா ஃபரக்கா அணையைத் திறந்தபின் கோடையில் கொராயின் வாய் தூர்ந்துபோனது. 1996 டிசம்பர் 12 அன்று இரு நாடுகளும் கங்கை நீர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. ஆயுள் 30 ஆண்டு. 2026 டிசம்பரோடு முடிகிறது. காவிரியின் கடைமடையில் தண்ணீருக்குக் காத்திருக்கும் வலி என்ன என்று தமிழ்நாட்டுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அடுத்த ஒப்பந்தம் பேசப்படும்போது, பங்குனி, சித்திரை மாதங்களில் கொராயில் தண்ணீர் ஓட வேண்டும் என்பதை முதல் நிபந்தனையாக வைக்கச் சொல்லி நம் நாடாளுமன்ற உறுப்பினர்களைக் கேளுங்கள்.